டாக்கின்சும் தாமிரபரணியும்: ஒரு கெண்டையின் பெயர்க் கதை

டாக்கின்சியா தம்ப்ரபர்னியெய். அரைச் சாணைச் சற்றே தாண்டி வளரும் ஒரு கெண்டை மீனின் அறிவியல் பெயர் இது. முற்பாதி ரிச்சர்ட் டாக்கின்ஸ்: பரிணாமத்தைப் பொதுவாசகருக்குப் புரியும்படி எழுதியவர், கடவுள் நம்பிக்கையை மறுத்து 2006-இல் ஒரு புத்தகம் போட்டு உலகம் முழுக்க வாக்குவாதத்தைக் கிளப்பியவர். பிற்பாதி பொதிகையிலிருந்து இறங்கும் தாமிரபரணி: அகத்தியர் பெயரோடு பிணைந்த ஆறு, 2018 அக்டோபரில் மகா புஷ்கரம் என்று படித்துறைதோறும் கூட்டம் முண்டியடித்த ஆறு. நாத்திகரையும் புண்ணிய நதியையும் ஒரே மீனின் முதுகில் ஏற்ற வேண்டுமென்று யாரும் திட்டமிடவில்லை. ஆறு முதலில் வந்தது, 1954-இல். டாக்கின்ஸ் வந்து சேர்ந்தது 2012-இல்.

இந்த இரண்டு தேதிகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு பெயரைப் பிரித்தால்தான் கதை புரியும். உயிரினப் பெயரில் முதற்சொல் பேரினம், இரண்டாவது சிற்றினம். ஆய்வாளர்களின் கருத்து மாறும்போதெல்லாம் முதற்சொல் மாறும். வாடகை வீட்டுக்காரர் போல அதற்கு நிலையான முகவரி கிடையாது. இரண்டாவது சொல் எங்கே போனாலும் கூடவே போகும். ஆகவே இந்த மீன் எத்தனை பேரினம் மாறினாலும் ஆற்றின் பெயரைக் கழற்றிவிட முடியாது.

முதற்சொல் மாறிய வரலாறே ஒரு சிறு தென்னாசியச் சொற்களஞ்சியம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் சிறு கெண்டைகளில் பலவற்றை பார்பஸ் என்ற பேரினத்துக்குள் போட்டார்கள். பார்பா என்றால் இலத்தீனில் தாடி. வாயோரம் தொங்கும் உணர்இழைகளைப் பார்த்து ஐரோப்பியருக்குத் தாடி நினைவு வந்திருக்கிறது. நாம் அதையே மீசை என்போம். பிறகு வந்தது புன்டியஸ். இது வங்காளத்துச் சொல். சிறு கெண்டைகளை வங்காளிகள் பூட்டி என்பார்கள், நடுவில் மெல்லிய மூக்கொலியோடு. 1822-இல் கங்கை மீன்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்ட பிரான்சிஸ் ஹாமில்டன் அந்தச் சொல்லை இலத்தீனாக்கினார். ரோகு, கட்லா, மிர்கால் என்று நாம் மீன்சந்தையில் சொல்கிறோமே, அவற்றின் அறிவியல் பெயர்களிலும் உள்ளூர்ச் சொற்களையே வைத்தவர் அவர். ஆற்றங்கரையில் மீனவர் சொன்னதைக் காதில் வாங்கி எழுதிக்கொண்டவர் என்ற வகையில் எனக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டு.

புன்டியஸ் நாளடைவில் ஒரு குப்பைக்கூடை ஆகிவிட்டது. பாகிஸ்தானிலிருந்து இந்தோனேசியா வரை எந்தச் சிறு கெண்டை அகப்பட்டாலும் அதற்குள் போட்டார்கள். 2012-இல் இலங்கையைச் சேர்ந்த ரோகன் பெதியகொட, மாதவ மீகஸ்கும்புர, கலன மதுவகே மூவரும் தென்னாசியப் பகுதியைக் கொட்டிக் கவிழ்த்துப் பிரித்தார்கள். மூன்று புதிய பேரினங்கள் பிறந்தன. ஒன்று பெதியா: சிறு கெண்டைக்குச் சிங்களத்தில் வழங்கும் பெதியா என்ற சொல் அப்படியே. (பெயரிட்டவரின் குடும்பப் பெயரும் அதே ஒலியில் தொடங்குவது பார்க்கச் சிரிப்பு வரும்.) இன்னொன்று டாக்கின்சியா: அறிவியலை, குறிப்பாகப் பரிணாமத்தை, மக்களிடம் கொண்டுபோனவருக்கு மரியாதை.

மூன்றாவதற்கு அவர்கள் வைத்த பெயர் திராவிடியா. தென்னிந்தியாவின் மேற்கு மலைத்தொடரில் வாழும் ஒரு கெண்டைக் கூட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. ஆனால் விலங்குலகில் ஒரு பேரினப் பெயர் ஒரே ஒரு தடவைதான் செல்லும். 2010-லேயே ஓர் ஈக் கூட்டத்துக்கு திராவிடியா என்று யாரோ பெயரிட்டுவிட்டிருந்தார்கள். ஈ வென்றது, மீன் தோற்றது. 2013-இல் மாற்றுப் பெயராக வந்தது ஹாலுதாரியா. ஹாமில்டனுக்குக் கங்கை மீன்களைப் படமாக வரைந்து தந்த வங்க ஓவியர் ஹாலுதார். படம் வரைந்தவரின் பெயர் புத்தகத்துக்கு வெளியே தங்காத அந்தக் காலத்துக்கு, இருநூறு ஆண்டு கழித்துக் கிடைத்த ஒரு சின்ன ஈடு. திராவிடம் போனதில் வருத்தம் இருந்தாலும் இந்த மாற்றுப் பெயரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

டாக்கின்சியாவுக்குள் சேர்ந்தவை இழைக்கெண்டைகள். வளர்ந்த ஆண் மீன்களின் முதுகுத்துடுப்பு முள்ளிழைகள் துடுப்பின் விளிம்பைத் தாண்டி நூல்நூலாக நீளும். வாலடிக்குச் சற்று முன்னால் ஒரு கரும்பொட்டு இருக்கும். இந்தக் கூட்டத்தில் கன்னியாகுமரி மாவட்டத்து மீன் ஒன்றுக்கு 2010-லேயே ரோகனி என்று பெயர் வைத்திருந்தார்கள், பெதியகொடவைச் சிறப்பிக்க. இரண்டாவது சொல்லாகத் தன் பெயர் நின்ற மீனுக்கு, முதற்சொல்லாக டாக்கின்சைக் கொண்டுவந்து அமர்த்தியவர் அவரே.

இனி இரண்டாவது சொல். அதற்குப் போகும் வழியில் இன்னொரு மீன் குறுக்கே வருகிறது. சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டனைப் பறவை பார்ப்பவர்களுக்குத் தெரியும். தென்னிந்திய நன்னீர் மீன்களைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். 1849-இல் காவிரிப் படுகையிலிருந்து அவர் விவரித்த ஒரு கெண்டை, அருளியஸ். ஹாமில்டன் வழியில், அருளி என்ற உள்ளூர் மீன்பெயருக்கு ஒரு இலத்தீன் வால். நமக்குத் தெரிந்த அருளுக்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

ஒரு நூற்றாண்டு கழித்து, பின்னாளில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகப் பெயர்பெற்ற இ. ஜி. சைலஸ், மேற்குத்தொடர்ச்சி மலை மீன்களைப் பற்றிய கட்டுரையில் தாமிரபரணியில் கிடைத்த கெண்டையை அருளியசோடு ஒப்பிட்டார். கிட்டத்தட்ட அதேதான், ஆனால் முழுக்க அதே இல்லை. ஆகவே அருளியசின் துணையினம் என்று வைத்து, ஆற்றின் பெயரை ஒட்டினார். பிறகு அது தனிச் சிற்றினமாக உயர்ந்தது. 2005-இல் பெதியகொடவும் சுவிட்சர்லாந்தின் மோரிஸ் கொட்டலாவும் இழைக்கெண்டைகளை மறுஆய்வு செய்தபோது அதைத் தனி இனமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சைலசின் தயக்கம் புரியும். வெள்ளி உடம்பில் ஊதாவும் பச்சையும் கலந்த ஒரு மினுக்கம். மேற்பாதியில் மூன்று கருந்திட்டுகள், ஒன்று முதுகுத்துடுப்பின் கீழ், ஒன்று கீழ்த்துடுப்புக்கு மேலே, ஒன்று வாலடியில். இது இருவருக்கும் பொது. தாமிரபரணி மீனின் ஆணுக்கு முதுகு இழைகள் இன்னும் நீளம். நன்றாக வளர்ந்த ஆணில் அவை பின்னோக்கிச் சாய்ந்து வாலை எட்டிப் பார்க்கும். பெண்ணுக்கு இந்த அலங்காரம் இல்லை. இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் மூஞ்சியில் வெள்ளைப் புள்ளிகள் சொரசொரப்பாகத் தோன்றும். முட்டைகளைச் செடிகளுக்கும் கற்களுக்கும் இடையே தூவிவிட்டுப் போவதோடு பெற்றோர் கடமை முடிந்தது. காவல், கூடு எதுவும் கிடையாது. பாசி, பூச்சி, புழு என்று கிடைப்பதைத் தின்னும்.

வண்ணமீன் வளர்ப்போர் நடுவே இந்த ஒற்றுமை பெரிய குழப்பத்தை உண்டாக்கியது. கண்ணாடித் தொட்டிகளில் வெகுகாலமாக அருளியஸ் பார்ப் என்று விற்கப்பட்டு வந்ததில் பெரும்பகுதி உண்மையில் தாமிரபரணிக்காரன்தான். நீண்ட இழை விலைபோகும். இழை நீளமானது இவன். காவிரியின் பெயர்ச்சீட்டோடு தாமிரபரணி மீன் ஐரோப்பிய வீடுகளில் நீந்திக்கொண்டிருந்தது.

தம்ப்ரபர்னியெய் என்ற எழுத்துக்கூட்டில் இரண்டு விசித்திரங்கள் இருக்கின்றன. முதலாவது நடுவிலிருக்கும் அந்த 'ப்'. சமஸ்கிருதத்தில் தாம்ரபர்ணீ, அங்கே 'ம்' முடிந்ததும் 'ர'. சொல்லிப் பாருங்கள்: 'ம்'முக்காக மூடிய உதடு 'ர'வுக்காகத் திறக்கும் கணத்தில் தானாகவே ஒரு சின்ன 'ப்' தெறிக்கும். பிராகிருதம் இதைப் பிடித்துக்கொண்டது. தாம்ர என்பது தம்ப ஆனது. ஆம்ர என்பது அம்ப ஆனது. செம்புக்கு இந்தியில் தாம்பா என்பதும், மாம்பழத்துக்கு மராத்தியில் ஆம்பா என்பதும் இந்த வழியில் வந்தவை. தமிழும் இரண்டு வழியையும் வைத்துக்கொண்டது: தாமிரம் என்றும் எழுதுவோம், தாம்பிரம் என்றும் எழுதுவோம். ஆங்கிலேயர் காலத்து ஆவணங்களில் ஆற்றின் பெயர் தம்ப்ரபர்ணி என்று 'ப்'போடு புழங்கியது. சைலசின் மீனுக்கு ஒட்டியது அந்த வடிவம்.

இரண்டாவது விசித்திரம் கடைசியில் உள்ள 'எய்'. மீன்பெயர் இலக்கணத்தில் வழக்கம் என்னவென்றால், ஓர் ஆணைச் சிறப்பித்தால் 'இ' என்று முடியும், இடத்தைச் சுட்டினால் 'என்சிஸ்' என்று முடியும். இதே பேரினத்தில் ரோகனி முதல் வகை, இலங்கையின் ஸ்ரீலங்கென்சிஸ் இரண்டாம் வகை. சைலசின் முடிவு இடப்பெயருக்கு உரியதாக இல்லை. ஆளைச் சிறப்பிக்கும் விகுதியின் சாயலில் இருக்கிறது. ஆற்றைத் தாய் என்று அழைத்துச் சேலை சாத்தி விளக்கேற்றும் ஊர்க்காரர்களுக்கு இதில் வியப்பு இராது. இலத்தீன் பண்டிதர்களுக்குத்தான் நெருடும். ஆனால் விலங்குப் பெயர்களுக்கான சட்டம் கறாரானது: முதலில் அச்சேறிய எழுத்துக்கூட்டே நிலைக்கும், இலத்தீன் ஆக்கம் சரியில்லை என்பதற்காகப் பின்னால் வருபவர் திருத்தக் கூடாது. 2017-இல் இதே ஆற்றிலிருந்து வேறொரு பெருங்கெண்டையை விவரித்தவர்கள் வழக்கப்படி தாமிரபரணியென்சிஸ் என்று வைத்தார்கள். ஒரே தண்ணீரில் இப்போது இரண்டு எழுத்துக்கூட்டுகள் நீந்துகின்றன.

ஆற்றின் பெயர் மீனைவிட மூத்தது என்று சொல்லத் தேவையில்லை. எவ்வளவு மூத்தது என்பதுதான் சுவை. தாம்ர என்றால் செம்பு, பர்ண என்றால் இலை. செப்பிலை ஆறு. பாலியில் பர்ண என்பது பண்ண ஆகும், ஆகவே தம்பபண்ணி. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகர் தம் பாறைக் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என்று தென்னவர்களை எண்ணிக்கொண்டு போய் முடிவில் தம்பபண்ணி என்கிறார். அங்கே அது இலங்கை என்பதே பொதுவான கருத்து. கிரேக்கர்கள் வாயில் அது தப்ரோபனே. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் முத்து வகைகளைச் சொல்லும்போது தாம்ரபர்ணிகம் என்று ஒன்றைக் குறிப்பிடுகிறது. ஆற்றின் முகத்துவாரத்தில் முத்துக்குளிப்புக்குப் பேர்போன கொற்கை இருந்ததை நினைத்தால் இது எந்த முத்து என்று யோசிக்க வேண்டியதில்லை.

ஆறும் தீவும் ஒரே பெயரை எப்படிப் பகிர்ந்துகொண்டன? 1881-இல் திருநெல்வேலி வரலாறு எழுதிய கால்டுவெல் முதல் பலரும் இதைப் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். மகாவம்சத்துக்கு ஒரு விளக்கம் உண்டு. விஜயனும் ஆட்களும் கரையிறங்கிக் களைத்துத் தரையில் கையூன்றினார்களாம். செம்மண் பட்டுக் கைகள் செம்பு நிறமாயின. அதனால் தம்பபண்ணி என்கிறது. பாணி என்றால் கை. இலையைக் கையாக்கிவிட்ட இந்த விளக்கம் எல்லா மொழியிலும் காணும் மக்கள் சொற்பிறப்பு வகையைச் சேர்ந்தது. நாமும் அதையே செய்தோம். 'பர்ணி'யில் உள்ள ஒற்றை வாய் ஏற்காமல் நடுவில் ஓர் உயிரைச் செருகிப் பரணி ஆக்கினோம். பரணி என்று நட்சத்திரமும் சிற்றிலக்கியமும் ஏற்கெனவே இருந்ததால் சொல் ஊர்ப்பிள்ளை ஆகிவிட்டது. தண்ணீரில் செம்புச் சத்து இருப்பதால் தாமிரபரணி என்பது இன்றைய விளக்கம். இலையை யாரும் நினைப்பதில்லை.

நான் இலையை விடுவதாக இல்லை. ஆறு பிறக்கும் களக்காடு முண்டந்துறை மலைகளின் பசுமைக்காடுகளில் நாங்கு மரம் மிகுதி. அதன் தளிர் பச்சையாக வராது. செக்கச்செவேலென்று தொங்கி, முற்ற முற்றத்தான் பச்சையாகும். தளிர்ப்பருவத்தில் சரிவில் நிற்கும் நாங்கு மரங்களைப் பார்த்தவருக்குச் செப்பிலை என்ற சொல்லுக்கு உரை வேண்டாம். அதே மரம் சிங்களத்தில் நா. இலங்கையின் தேசிய மரமும் அதுவே. இதைச் சான்றாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், என் ஆசை அவ்வளவுதான்.

தமிழ் தனக்கென்று வைத்திருந்த பெயர் பொருநை. சங்கப் பாடல்களில் வரும் பொருநை எல்லாம் இந்த ஆறு இல்லை. கருவூர்ப் பக்கம் ஓடும் ஆன்பொருநையும் உண்டு. மீனுக்குப் பெயர் வைத்த காலத்தில் தாமிரபரணிதான் ஆட்சியில் இருந்தது, அதனால் பொருநைக்கு இலத்தீனில் இடம் கிடைக்கவில்லை.

பெயருக்குரிய மீன் அந்தப் படுகையை விட்டு வெளியே இயல்பாக இல்லை என்பதுதான் இந்தப் பெயரின் கனம். தாமிரபரணி ஏறக்குறைய 128 கிலோமீட்டர் நீளம். தமிழ்நாட்டில் பிறந்து தமிழ்நாட்டிலேயே புன்னைக்காயல் அருகே கடலில் சேரும் வற்றாத ஆறு. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் அதற்குக் கிடைப்பதே வற்றாமைக்குக் காரணம். சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு என்று துணைகள் வந்து கலக்கும். பாறை இடுக்கில் விரைந்து, மணலும் கூழாங்கல்லும் விரித்த கசங்களில் (ஆழ்மடுக்களில்) மெதுவாகி, மறுபடி விரையும் தெளிந்த நீர்தான் இழைக்கெண்டைக்கு ஏற்ற வீடு.

மேலே காரையாறு, சேர்வலாறு, மணிமுத்தாறு என்று அணைகள். கீழே கோடைமேலழகியான் தொடங்கித் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். நெல்லும் வாழையும் வாழ வேண்டுமென்றால் அவை வேண்டும்தான். ஆனால் ஒரே ஆற்றுக்குள் அடைபட்ட மீனுக்கு ஒவ்வொரு குறுக்குச் சுவரும் அந்த ஆற்றை இன்னும் துண்டாக்குகிறது. மணல் போனால் அதற்குக் கசமும் போகும், முட்டை ஒதுங்கும் இடமும் போகும். 2010-இல் ஆர். நல்லகண்ணு தொடுத்த வழக்கில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்தது; அந்த வழக்கில் மீனைப் பற்றிய பேச்சு முக்கியமில்லை, குடிநீரும் பாசனமும்தான். என்றாலும் பலன் மீனுக்கும் உண்டு. தோட்டா வீசிப் பிடிப்பது, நஞ்சு கலக்கிப் பிடிப்பது, ஊர்க்கழிவு, ஆலைக்கழிவு என்று மற்றவை நமக்குத் தெரிந்த பட்டியல். உலகச் சிவப்புப் பட்டியலில் தாமிரபரணி மீன், காவிரி அருளியஸ் இரண்டுமே அழியும் ஆபத்தில் உள்ளவை.

ஆற்றங்கரையில் இதைப் பிடிப்பவருக்கு டாக்கின்சும் தெரியாது, சைலசும் தெரியாது. வலையில் விழுந்தது கெண்டை. மிகப் பழைய சொல் அது. கன்னடத்திலும் கெண்டெ என்று உறவு உண்டு. கவிஞர்களுக்குக் கண் என்றால் கெண்டை. உடம்பில் அது காலிலும் ஏறியது: நடுவில் பருத்து இருபுறமும் ஒடுங்கும் தசையைக் கெண்டைக்கால் என்கிறோம். இவ்வளவு வளமான சொல்லுக்கு ஒரு குறையும் உண்டு. எல்லாச் சிறு மீனையும் விழுங்கிவிடும். பக்கத்தில் ஒரு அடைமொழி வந்து நின்றால்தான் இனம் பிரியும்.

அடைமொழிகள் வந்தன, வெளியூர் மீன்களோடு. குளத்தில் வளர்க்க வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தவற்றுக்கு மீன்வளத்துறை வெள்ளிக்கெண்டை, புல்கெண்டை, சாதாக்கெண்டை என்று உடனே அழகாகப் பெயர் சூட்டியது. 1952-இல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்கத் திலாப்பியாவுக்கு அரசு பெயர் வைக்கக் காத்திராமல் மக்களே ஜிலேபிக் கெண்டை என்று வைத்துவிட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் சுவானா மொழி பேசுவோர் மீனுக்குச் சொல்லும் பொதுச்சொல்லை எடுத்து ஆண்ட்ரூ ஸ்மித் 1840-இல் திலாப்பியா என்று இலத்தீனாக்கினார். அது நம் ஊருக்கு வந்து மிட்டாய்க்கடைப் பெயராயிற்று. கெண்டைக் குடும்பத்தோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனாலும் தாமிரபரணி உட்பட நம் ஆறுகளில் அது பெருகிக் கிடக்கிறது, கரையோரச் சந்தையில் கெண்டை என்ன விலை என்று கேட்டால் கூடையிலிருந்து எடுத்துக் காட்டப்படுவது பெரும்பாலும் அதுதான்.